பருப்பு மாத்தயா: கலாநிதி என். எம். பெரேரா வாழ்வில் ஆறு வறண்ட ஆண்டு

பொதுவாழ்வில் நின்றோர்க்குப் பட்டப்பெயர் மூன்று வழியால் வருவதுண்டு. அரசு அளிப்பது ஒன்று. கல்விக்கழகம் அளிப்பது மற்றொன்று. ஊரார் தாமே இட்டுத் தாமே வழங்குவது இன்னொன்று. முதலிரண்டும் ஏட்டில் நிற்பன. மூன்றாவது, இட்டவர் மடிந்த பின்னும் அவர்தம் பேரர் வாயில் நிற்பது. கலாநிதி என். எம். பெரேரா இலண்டன் பல்கலைக்கழகத்தில் இரு கலாநிதிப் பட்டங்கள் பெற்றவர். இருமுறை இலங்கையின் நிதியமைச்சராகவும், ஒருகாலத்திற் கொழும்பு மாநகர முதல்வராகவும், பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராகவும் இருந்தவர். எனினும் கேகாலை மாவட்டத்துக் களனிக் கரையோரச் சிற்றூர் மக்கள் அவருக்கு இட்ட பெயர் பருப்பு மாத்தயா என்பதேயாம். மாத்தயா என்னுஞ் சிங்களச் சொல் நம் ஐயா என்பதனோடு ஒக்கும். அறிஞர் ஒருவர்க்கு அடுக்களைப் பண்டமொன்றின் பெயர் வந்து சேர்ந்த வரலாறு, ஓர் ஆறு வறண்ட வரலாறும் ஆகும்.

நாணயக்காரப் பதிரகே மார்ட்டின் பெரேரா 1905ஆம் ஆண்டு யூன் 6ஆந் திகதி கொழும்பின் வடபகுதியிற் பிறந்தார். ஆனந்தாக் கல்லூரியிலும் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் கற்று, இலண்டன் பொருளியற் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே அரசறிவியற் பேராசான் ஹரல்ட் லாஸ்கி அவருக்கு ஆசிரியராய் வாய்த்தார். பிற நாட்டு அரசியலமைப்புகளும் பாராளுமன்ற நடைமுறைகளுமே அவருடைய ஆராய்ச்சிப் பொருள். இத்தகைய கல்வி ஒருவரை நீதிமன்றுக்கோ நூல்நிலையத்துக்கோ அழைத்துச் செல்லுதல் இயல்பு. அவரை அது மலேரியாக் காய்ச்சல் பரந்த கிராமத்துக்கு அழைத்துச் சென்றது.

அவர் தாயகம் மீண்ட காலம் நல்ல காலமன்று. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியால் இறப்பர் விலை தரைமட்டமாயிற்று. களனிப் பள்ளத்தாக்கில் யட்டியாந்தோட்டை, றுவன்வெல்ல, தெஹியோவிட்ட முதலிய ஊர்களைச் சூழ்ந்த மலைச்சரிவெல்லாம் இறப்பர்க் காடு. விலை வீழவே பால்வெட்டு நின்றது. தோட்டங்களில் ஆட்குறைப்பு நிகழ்ந்தது. தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் கடல் கடந்து திருப்பியனுப்பப்பட்டனர். தோட்டத்தை நம்பிச் சிறுகூலி பெற்று வந்த சிங்களக் கிராமத்தவர்க்கும் அந்தச் சில சதங்கள் இல்லாதொழிந்தன. தென்னையும் அவ்வாறே விலை குன்றியது. இவ்வளவும் மழை பொய்க்கும் முன்னரே நிகழ்ந்தவை என்பதை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் வந்த சாவை மழையின் தலையில் முழுதுஞ் சுமத்துதல் பொருந்தாது.

1934ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தமைக்கு உரைகாரர் பல காரணங் கூறுவர். சப்பிரகமுவையில் அவ்வாண்டு வாழ்ந்தோர்க்கு உரை வேண்டியிராது. ஆயின் மழை பொய்த்தலால் வயல் காய்வதும் பஞ்சம் வருவதும் எவரும் அறிந்த செய்தி. மழை பொய்த்தலால் நுளம்பு பெருகும் என்பதே அறிதற்கரியது. மழை மிகுந்தாற் குட்டை மிகும், குட்டை மிகுந்தால் நுளம்பு மிகும் என்றுதான் நாம் எண்ணுவோம். ஈரவலயத்து ஆற்றோரங்களில் நடப்பது அதற்கு மாறானது.

களனி கங்கை, மகா ஓயா, தெதுறு ஓயா என்னும் ஆறுகள் நல்ல மழைக்காலத்திற் சுழித்தோடுவன. அவ்வோட்டத்தில் நுளம்பின் முட்டையும் புழுவும் நிலைகொள்ளா, அடித்துச் செல்லப்பட்டுவிடும். ஓட்டம் தணிந்து ஆறு மணற்றிட்டாகிப் பாறையிடுக்கில் மட்டும் நீர் தங்குமாயின், ஒரே ஆறு ஆயிரங் குட்டையாகப் பிரிகின்றது. வெயில் படும் தெளிந்த நீர்க்குட்டை, அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் நுளம்புக்கு மிக உகந்த இடம். அழுக்கு நீரை அது விரும்புவதில்லை. சாக்கடை ஓரத்திலே நோயைத் தேடும் நம் கண்ணுக்குப் பளிங்கு போன்ற ஆற்றுநீர் குற்றமற்றதாகவே தோன்றும். அவ்வாண்டில் தீங்கு அங்கிருந்தே வந்தது.

மலேரியா என்னும் பெயரே ஒரு பழைய பிழையின் எச்சம். இத்தாலிய மொழியில் அது தீயகாற்று எனப் பொருள்படும். சதுப்பு நிலத்திலிருந்து எழும் காற்றே காய்ச்சலைத் தருகின்றதென முன்னோர் நம்பினர். 1897ஆம் ஆண்டு செக்கந்தராபாத்தில் ரொனால்ட் றொஸ் நுளம்பின் வயிற்றினுள் நோய்க்கிருமியைக் கண்ட பின்னர் அக்கொள்கை வீழ்ந்தது. காற்றைப் பற்றி முன்னோர் கூறியது தவறே. எனினும் நோய் நிலத்தோடும் நீரோடும் பிணைந்தது என்ற அவர்தம் உணர்வு தவறன்று. நம் சித்த மருத்துவரும் நோயாளியின் நாடியைப் பார்க்கும்போதே அவனுடைய ஊரையும் பருவத்தையும் உசாவுவது அதனாலன்றோ.

இனி மற்றொரு செய்தி. அநுராதபுரம் முதலாய வறண்ட வலயத்தில் மலேரியா நீங்காது உறைந்திருந்தது. அங்கே குழந்தைப் பருவத்திலேயே பலமுறை காய்ச்சல் கண்டு, பிழைத்தோர் ஓரளவு தாங்கும் வலிமை பெற்றிருந்தனர். கேகாலை மக்களுக்கு அவ்வலிமை இல்லை. மழைவளம் அவர்களை நெடுநாட் காத்து வந்தது. காத்து வந்த அதுவே ஓராண்டு கைவிட்டபோது அவர்கள் உடலில் எதிர்த்து நிற்க ஒன்றுமில்லாதிருந்தது. 1934 ஒக்டோபர் இறுதியில் காய்ச்சல் எழுந்து, மார்கழியிலும் தையிலும் உச்சமடைந்தது. நாட்டின் மக்கட்டொகை ஏறத்தாழ 55 இலட்சமாயிருந்த அக்காலத்தில் நோய்வாய்ப்பட்டோர் சுமார் 15 இலட்சம். 1935 முடிவதற்குள் மாண்டோர் ஏறத்தாழ 80,000. குருநாகலும் கேகாலையுமே பேரழிவு கண்ட மாவட்டங்கள். மாண்டவருள் மிகப் பலர் குழந்தைகள்.

அரசு வாளாவிருந்தது என்று கூறுதல் நேர்மையாகாது. தற்காலிக மருத்துவமனைகள் திறக்கப்பட்டன, குயினைன் வழங்கப்பட்டது, மருத்துவப் பணிப்பாளர் பிறையர்கிளிப் பின்னர் விரிவான அறிக்கையும் எழுதினார். ஆயினும் மருந்துச்சாலை ஒன்றிலிருந்து மற்றொன்று பல கல் தொலைவு. காய்ச்சலில் நடுங்குபவன் அவ்வளவு தூரம் நடப்பதெங்ஙனம்? தோட்டத்துத் தொழிலாளர்க்கு மருந்து அளிக்கும் கடமையைச் சட்டம் தோட்ட உரிமையாளர்மேல் வைத்திருந்தது. அது எவ்வளவு குறையுடையதாயினும் லயத்துக்கு அருகில் ஓர் அப்போதிக்கரியாவது இருந்தார். அடுத்த கிராமத்துச் சிங்கள உழவனுக்கு அதுவுமில்லை. மலையகத் தமிழர் துயரை எழுதுவோர் இதனை ஒதுக்கிச் செல்லலாகாது. அவ்வாண்டில் நம்மினும் மிக்க துயர் அடைந்தோர் அவர்களே.

இக்காலத்தில் சூரியமல் இயக்கம் என்றொன்று இளைஞரிடையே வளர்ந்திருந்தது. முதல் உலகப்போர் நிறைவுற்ற நவம்பர் 11ஆம் நாள் ஆண்டுதோறும் செந்நிறப் பொப்பி மலரை விற்று, அதன் வருவாயைப் பெரும்பாலும் பிரித்தானியப் படைவீரர் நலனுக்கு அனுப்புவது வழக்கம். அதற்கு மாறாக உள்நாட்டு மலர் ஒன்றை விற்றுப் பொருளீட்டி உள்நாட்டார்க்கே செலவிட முனைந்தனர் இவ்விளைஞர். அவர்கள் தேர்ந்த மலர் சூரியமல். நம் வேலியோரத்துப் பூவரசம் பூவேதான். பூவரசின் பெயரில் ஓர் அரசியல் இயக்கம் எழுந்தது தமிழ் மாணவர் பலருக்குத் தெரியாதிருத்தல் வியப்பே. மருத்துவர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, இங்கிலாந்திலிருந்து ஆசிரியையாக வந்து பின்னர் அவர் துணைவியான டொறீன் அம்மையார், பிலிப் குணவர்தன, என். எம். பெரேரா முதலியோர் அவ்வியக்கத்தின் முன்னணியில் நின்றனர். காய்ச்சல் பரவியதும் அவர்கள் மலரை விடுத்து மருந்தைக் கையிலெடுத்து, களனிப் பள்ளத்தாக்கிலும் கேகாலைப் பகுதியிலும் வீடுவீடாகப் புகுந்தனர்.

குயினைன் கொடுத்தும் மக்கள் மாள்வதை அவர்கள் கண்டனர். காய்ச்சல் தணிந்தவர் மீண்டும் எழுந்து நிற்கவில்லை. உடலிற் சத்து இல்லை. வறட்சியால் நெல் இல்லை. கூலி நின்றதாற் காசும் இல்லை. அடுப்பில் எரிவதற்கு விறகு உண்டு, உலையில் இடுதற்கு ஒன்றுமில்லை. அவ்வாறு பட்டினியால் மெலிந்த உடலிலேயே காய்ச்சல் குடிபுகுந்தது. நுளம்பு செல்வர் வீட்டிலும் கடித்தது, வறியர் குடிலிலும் கடித்தது. கடி ஒன்றே, முடிவு வேறு. உண்டவன் பத்து நாளிற் பாயை விட்டு எழுந்தான். உண்ணாதவனைப் பாயோடு எடுத்தனர்.

இதனை உணர்ந்த தொண்டர், மார்மைற் என்னும் ஈஸ்ற் சாற்றை உருண்டையாக்கி மருந்தோடு வழங்கினர். என். எம். பெரேரா பருப்பு வழங்கினார். மைசூர்ப் பருப்பு என்று நாம் இன்று கடையிற் கேட்டு வாங்கும் அந்தச் செம்பருப்பு எளிதில் வேகும், எளிதிற் செரிக்கும், தசைக்குச் சத்தளிக்கும், மூட்டையிற் கட்டி ஒற்றையடிப் பாதையிலும் சுமந்து செல்லலாம். அரசியலமைப்புகளை ஆராய்ந்து பட்டம் பெற்றவர் பருப்புப் பங்கிடுவதைக் கண்ட கிராமத்தார்க்கு அவர் கற்ற கல்வி இன்னதெனத் தெரியாது. தெரிந்ததைக் கொண்டு பெயரிட்டனர். வள்ளுவரின் மருந்து என்னும் அதிகாரத்தைப் பயில்வோர், அதனுட் பெரும்பகுதி உண்ணும் முறையைப் பற்றியே பேசுவதைக் காண்பர். மருந்தென்று தலைப்பிட்டு உணவைப் பேசிய புலவரின் கருத்தை அம்மனிதர் நூலிற் கற்றாரோ இல்லையோ, ஊரிற் கற்றார்.

1935ஆம் ஆண்டு திசம்பர் 18ஆம் நாள் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது. அதனைத் தொடங்கியோருள் அவர் ஒருவர். அடுத்த ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலில் றுவன்வெல்லத் தொகுதியில் நின்று வென்றார். பிலிப் குணவர்தன அவிசாவளையில் வென்றார். நிலவுடைமைக் குடும்பங்களின் செல்வாக்கு வேரோடிய பகுதி அது. அங்கே ஒரு புதிய கட்சியின் இளைஞர் வென்றதற்குக் கொள்கை விளக்கக் கூட்டங்களே காரணமென அக்கட்சியார் எழுதுவதுண்டு. யான் அதனை அவ்வளவாக நம்புவதில்லை. காய்ச்சல் வீட்டுக்குள் வந்தவரை மக்கள் மறந்திலர் என்பதே நேரான விளக்கம்.

அதன்பின் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. விரைந்து கூறி மேற்செல்வேன். 1940ஆம் ஆண்டு யூன் மாதம் போருக்கு எதிரான நிலைப்பாட்டின் பொருட்டு அவர் சிறைவைக்கப்பட்டார். 1942 ஏப்பிரலிற் கொழும்பில் யப்பானிய விமானங்கள் குண்டுவீசிய சில நாட்களில், தோழருடன் கண்டிப் போகம்பரைச் சிறையினின்று தப்பி இந்தியாவை அடைந்தார். 1943இற் பம்பாயிற் பிடிபட்டு மீண்டுஞ் சிறைப்பட்டார். போர் முடிந்தபின் மீண்டும் றுவன்வெல்லையின் உறுப்பினரானார். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்துக்கு எதிராக வாக்களித்தோருள் அவரும் ஒருவர். அவர் தொகுதியின் இறப்பர்த் தோட்டங்களிற் பல்லாயிரந் தமிழர் வாழ்ந்தனர். அவர்கட்கு வாக்கு இல்லாதொழிந்தால் இழப்பு அவருக்குமுண்டு என்று கூறிச் சிலர் அச்செயலின் பெருமையைக் குறைப்பர். தன்னலமும் நீதியும் ஒரே திசையிற் சென்ற அரிய வேளைகளில் நீதியை ஏன் இகழ வேண்டும்?

1953ஆம் ஆண்டு வேறொரு வகையில் அவருடைய பழைய தொழிலை நினைவூட்டிற்று. அரசு பங்கீட்டரிசியின் விலையைக் கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. பாடசாலைச் சிறார்க்கு வழங்கிய நண்பகல் உணவையும் நிறுத்தியது. ஓகஸ்ற் 12ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது. கடைகள் அடைபட்டன, புகைவண்டிகள் ஓடவில்லை, துப்பாக்கிச் சூட்டிற் பலர் மடிந்தனர். பிரதமர் டட்லி சேனநாயக்க ஒக்டோபரிற் பதவி துறந்தார். அந்த எழுச்சியின் தலைவர்களுள் என். எம். முதன்மையானவர். மக்கள் உணவில் அரசு கைவைக்கலாகாது என்பதே அன்று அவர் நின்ற நிலை. இதனை வாசகர் நினைவில் இருத்துக. சற்றுப் பின்னே இது தேவைப்படும்.

இதற்கிடையில் மலேரியாவின் கதை வேறொரு திருப்பங் கண்டது. 1946 முதல் டி.டி.ரீ. என்னும் மருந்து வீட்டுச் சுவர்களிற் பரவலாகத் தெளிக்கப்பட்டது. ஆயிரவர்க்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த நாட்டின் ஆண்டு இறப்புவீதம் 1947இல் 14 அளவுக்கு இறங்கிற்று. அவ்விறக்கம் முழுவதும் தெளிமருந்தால் வந்ததோ, உணவுப் பங்கீடும் மருத்துவமனைகளும் சேர்ந்து வந்ததோ என ஆய்வாளர் நெடுங்காலம் வாதிட்டனர். 1963இல் நாடு முழுவதிலும் மலேரியா கண்டோர் 17 பேரே. வெற்றி கிட்டியதென்று எண்ணித் தெளித்தலைக் கைவிட்டனர். 1967, 1968 ஆண்டுகளில் எலகரப் பகுதியில் மாணிக்கக்கல் தேடிப் பல திசையினின்றும் ஆட்கள் திரண்டனர். அகழ்ந்த குழிகளை மூடாது சென்றனர். குழியில் மழைநீர் தங்க, அங்கே உறைந்திருந்த சிறுதீ மூண்டது. வந்தவர் ஊர் திரும்பும்போது நோயையும் கொண்டு சென்றனர். 1969இல் நோய் கண்டோர் ஐந்து இலட்சத்தைத் தாண்டினர்.

இக்கட்டுரையைக் கொடகவெலையிலிருந்து எழுதுகின்றேனாதலின் இவ்விடத்திற் சற்று நிற்றல் வேண்டும். பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிக்குச் செல்லும் பாதையில் எங்கள் ஊர் உள்ளது. ஒருபுறம் றக்குவானை மலையின் மழைக்காடும் தேயிலையும். மறுபுறம் பல்லேபெத்தையைக் கடந்தால் வெம்மை மிக்க வறண்ட நிலம். ஈரமும் வறட்சியும் கைகோக்கும் எல்லை இது. இரத்தினபுரி மாவட்டமெங்கும் வயலிடையே மாணிக்கக் குழிகள் உண்டு. அகழ்ந்தோர் கல் கிடைத்தாலும் கிடையாவிடினும் சென்றுவிடுவர்; குழி கிடக்கும். விதிப்படி அதனை மூடுதல் வேண்டும் என்பதை எல்லோரும் அறிவர். மூடாத குழியையும் எல்லோரும் அறிவர். மலேரியா இன்று இல்லை. 2012 ஒக்டோபருக்குப் பின் உள்நாட்டிலேயே தொற்றிய மலேரியா கண்டறியப்படாமையால், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. ஆயினும் அவ்விடத்தை வேறு நோய்கள் பற்றிக்கொண்டன. சேற்று வயலிற் காலூன்றுவோர்க்கும் குழியிலிறங்கி மண் அள்ளுவோர்க்கும் எலிக்காய்ச்சல் வருகின்றது. இரத்தினபுரி அந்நோய் மிக்க மாவட்டங்களுள் ஒன்று. டெங்கு 2017இல் நாடெங்கும் 186,000 பேருக்கு மேற்பட்டோரைப் பீடித்தது. டெங்கு நுளம்பு ஆற்றங்குட்டையை நாடுவதில்லை. லயத்துக் கூரையிலிருந்து வடியும் நீரைப் பிடிக்க வைத்த பீப்பாய், எறிந்த ரயர், சிரட்டை ஆகியவையே அதற்குப் போதும். குழாய்நீர் நாள்தோறும் வாராத லயத்திலே பீப்பாயைக் கவிழ்த்து வையுங்கள் என்று சுகாதாரப் பரிசோதகர் கூறுவது எளிது. நீரை எங்கே பிடித்து வைப்பது என்னும் கேள்விக்கு அவரிடம் விடை இல்லை; அவரைக் குறைகூறவும் இயலாது.

என். எம். பெரேராவிடம் மீள்வோம். 1964இல் யூன் முதல் திசம்பர் வரை அவர் நிதியமைச்சராயிருந்தார். நம் மக்களுள் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப உடன்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவ்வாண்டு ஒக்டோபரிலேயே கைச்சாத்தாயிற்று. 1948இல் எதிர்த்து வாக்களித்தவர் அவ்வரசில் அமர்ந்திருந்தார். 1970இல் மீண்டும் நிதியமைச்சரானார். இம்முறை ஐந்தாண்டு பதவி வகித்தார். அவருடைய வாழ்வில் எனக்கு விளங்காததும் என்னை விடாது வருத்துவதும் இந்த ஐந்தாண்டே.

நாட்டின் கையிற் செலாவணி இல்லை. ஏற்றுமதியாகும் தேயிலைக்கும் இறப்பருக்கும் விலை போதவில்லை. உள்நாட்டு விளைவைப் பெருக்கும் பொருட்டு மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு முதலியவற்றின் இறக்குமதி பெரிதுங் கட்டுப்படுத்தப்பட்டது. யாழ்ப்பாணத்து வெங்காயச் செய்கையாளர் அக்காலத்தை இன்றும் பொற்காலமெனப் போற்றுவர். அவர்கள் கூற்றில் உண்மையுண்டு. ஆனால் நிலமற்ற தோட்டத் தொழிலாளி எதனை விளைவிப்பான்? 1973இல் உலகெங்கும் எண்ணெயும் தானியமும் விலையேறின. இங்கே கூப்பன் அரிசி குறைக்கப்பட்டது. கோதுமை மாவின் விலை ஏறியது. ரொட்டியே உணவான லயங்களில் மாவுக்கும் பாணுக்கும் வரிசை நீண்டது. கிராமத்தவனுக்குப் பலாமரமும் மரவள்ளித் துண்டும் ஓரளவு துணைநின்றன. தோட்டத்தில் நிலமெல்லாம் தேயிலை. தேயிலையைத் தின்ன முடியாது. அக்காலத்தைக் கண்ட முதியோர் இரத்தினபுரித் தோட்டங்களில் இன்னும் உளர். காட்டுக் கிழங்கைப் பிடுங்கி அவித்ததையும், வேலைக்குச் சென்றவர் மலையிலே மயங்கி வீழ்ந்ததையும் அவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றேன். 1974இல் நாட்டின் இறப்புவீதம் ஆயிரவர்க்கு 8க்குக் கீழிருந்து 9 அளவுக்கு உயர்ந்தது. தோட்டப் பகுதிகளில் உயர்வு அதனினும் மிகக் கடுமையாயிருந்தது. குழந்தைச் சாவும் அவ்வாறே.

1934இல் மெலிந்த உடலுக்குள் காய்ச்சல் புகுந்தது போலவே 1974இலும் மெலிந்த உடலுக்குள் வயிற்றோட்டமும் சளிச்சுரமும் புகுந்தன. லயத்தின் முன்னே ஓடும் திறந்த கானும், பல குடும்பங்கட்கு ஒன்றாயிருந்த மலசலகூடமும், மேற்சரிவின் அழுக்கையெல்லாம் வாங்கி வந்த பீலித்தண்ணீரும் அதற்கு முந்திய ஆண்டுகளிலும் அங்கேயே இருந்தவை. புதிதாக வந்தது பசி ஒன்றே. பருப்பு மூட்டையோடு இவ்வுண்மையை நாட்டுக்கு முதலிற் காட்டியவர்களுள் ஒருவர் அப்பொழுது திறைசேரியின் பொறுப்பிலிருந்தார்.

அவர் மனம் மாறினார் என்று கூற எனக்குத் துணிவில்லை. திறைசேரி வெறுமையாயிருந்தது மெய். எண்ணெய் விலையை அவர் ஏற்றவில்லை. அரசில் அவர் கட்சி பெரும்பான்மையுமன்று. அவரைக் காக்க விரும்புவோர் கூறும் இவையெல்லாம் எடைபோடத்தக்கவை. எனினும் எவருடைய கூப்பனை எவ்வளவு குறைத்தால் எங்கே சாவு விழும் என்பதை அந்நாட்டில் எவராவது முன்கூட்டி அறிந்திருக்கக் கூடுமாயின், அவர் அறிந்திருக்கக் கூடும். களனிக் கரையில் வீடு வீடாகச் சென்ற கால்கள் அவருடையவை. யட்டியாந்தோட்டையின் உறுப்பினராய் அப்பொழுதும் அவர் தோட்டங்களினூடேதான் தம் தொகுதிக்குச் சென்றார். ஆனால் 1934இற் பசித்தவன் 1936இல் அவருக்கு வாக்களித்தான். 1974இல் லயத்திற் பசித்தவருட் பெரும்பாலார்க்கு வாக்கு இல்லை. 1948இல் அவர் எதிர்த்த சட்டம் தன் வேலையை முடித்திருந்தது. வாக்கற்றவன் பசி கணக்கேட்டில் ஏறாதது ஒருவர் குற்றமாகவோ அன்றி அமைப்பின் இயல்பாகவோ இருக்கலாம். அரசியலமைப்புகளை ஆராய்ந்து பட்டம் பெற்றவருக்கு இவ்விரண்டாவது தெரியாததன்று.

1975 செப்டெம்பரில் அவரும் அவர் கட்சியினரும் அமைச்சரவையினின்று நீக்கப்பட்டனர். 1977ஆம் ஆண்டுத் தேர்தலில் யட்டியாந்தோட்டை அவரைக் கைவிட்டது. அத்தேர்தலில் அவர் கட்சிக்கு ஓர் இடமேனும் கிட்டவில்லை. 1979 ஓகஸ்ற் 14ஆம் நாள் அவர் காலமானார். ஆண்டு எழுபத்துநான்கு.

அவர் மறைந்து நாற்பத்துமூன்று ஆண்டுகளின் பின், 2022இல், நாட்டின் செலாவணி மீண்டும் வறண்டது. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி உணவுப் பண்டங்களின் விலை ஓராண்டில் 94.9 சதவீதம் உயர்ந்திருந்தது. கடல் கடந்து வரும் மைசூர்ப் பருப்பைக் கிலோக் கணக்கில் வாங்கியோர் கொடகவெலைக் கடைகளில் நூறு கிராமாகக் கேட்டு வாங்கலாயினர். என் வகுப்பில் முதற் பாடவேளையிலேயே மேசையில் தலைசாய்க்கும் பிள்ளைகள் அவ்வாண்டு முன்னிலும் மிகுந்தனர். மழையும் அவ்வாண்டு குறைவின்றிப் பெய்தது, குழிகள் நிறைந்திருந்தன.